கொடி சுற்றிப் பிறந்தவன்

மக்களே சரசு,

உன் கடிதத்தை மருமகன் கடையில் வந்து தந்தார். வெயிலில் நடந்து வந்தவருக்கு ஒரு சாயா வாங்கிக் கொடுத்துவிட்டு, அரிசிச் சாக்கின்மேல் உட்கார்ந்து வாசித்தேன். பெண்குழந்தை, சுகப்பிரசவம், தாயும் பிள்ளையும் நலம் என்று எழுதியிருக்கிறாய். சந்தோஷம். அடுத்த வரியிலேயே, தொட்டில் ஆட்டவும் விறகு பொறுக்கவும் வீட்டில் ஆள் இல்லை, அதனால் சுந்தரத்தைச் சனிக்கிழமை எஸ்டேட் லாரியில் ஏற்றி அனுப்புங்கள் என்று எழுதியிருக்கிறாய். பெற்ற மகனைப் பார்க்க ஆசையாக இருக்கிறது என்று எங்கேயாவது ஒரு வார்த்தை இருக்கிறதா என்று தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கத்தில் வேறொன்று இருந்தது. "பெற்றவள் பிள்ளையை அடிப்பது உலகத்தில் இல்லாததா? இதற்காக அவனைப் பிடித்து வைத்துக்கொண்டு ஊரில் என்னை நாறடிக்கிறீர்கள்." இதற்குப் பதில் எழுதத்தான் இன்று கடையைப் பாதியில் சாத்திவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். கவரை ஒட்டாமல்தான், திரும்ப இந்தப் பக்கம் வரும்போது மருமகன் கையில் கொடுத்தனுப்புவேன். அவர் வாசிக்கட்டும், உன் மாமியாருக்கு வாசித்துக் காட்டட்டும். அக்கம்பக்கத்தில் எழுத்துத் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் அவர்களும் வாசிக்கட்டும். எனக்கு மறைக்க ஒன்றும் இல்லை.

போன விஷுவுக்கு முந்தின நாள் சாயங்காலம் நான் சொல்லாமல் கொள்ளாமல் உன் வீட்டில் வந்து இறங்கினேன். சுந்தரம் எங்கே என்று கேட்டதற்கு, "அவன் அப்பவே ஒறங்கியாச்சு அப்பா" என்றாய். விளக்கு வைக்கிற நேரத்தில் உறங்கிப்போகிற எட்டு வயதுப் பையனைப் பற்றி எனக்கு அப்போது ஒரு சந்தேகமும் தோன்றவில்லை. விடியும் முன்னே நீ வந்து என் கண்ணைப் பொத்தி, வருஷத்தில் முதலில் கண் விழிக்கவேண்டிய கனியின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினாய். உருளி நிறைய அரிசி, வெள்ளரிக்காய், மாம்பழம், கொன்றைப்பூ, கண்ணாடி, வெள்ளிக்காசு. குறை சொல்ல முடியாத கனி. என்னை அடுத்து உன் மாமியார், பிறகு மருமகன், பிறகு சின்னவள் ராதை. எல்லாரும் கண்டாயிற்று, கைநீட்டக் காசும் கொடுத்தாயிற்று. "பையன் கனி காண வேண்டாமா?" என்று கேட்டேன். நீ ராதையின் தலையைச் சீவிக்கொண்டே, "அவன் கடைசியில கண்டா போதும் அப்பா" என்றாய். உன் மாமியார்தான் எனக்கு விளக்கினார். "வருசப் பிறப்பும் அதுவுமா அவனுக்க மொகத்தில யாரும் முழிச்சிரப்பிடாதுல்லா. அதுக்குத்தான் நேத்தே விறகுப்புரையில படுக்கப் போட்டாச்சு." நல்லெண்ணெய் என்ன விலை என்று சொல்கிற மாதிரி அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார்.

விறகுப்புரைக்கு வெளியே கொண்டி போட்டிருந்தது. எடுத்துவிட்டு உள்ளே போனேன். மட்டைக்கும் சிரட்டைக்கும் நடுவில் ஒரு சாக்கின்மேல் உட்கார்ந்திருந்தான். இரண்டு கண்ணையும் இறுக்கி மூடி, அதன்மேல் கையையும் வைத்திருந்தான். அம்மை வந்து கனி காணக் கூட்டிக்கொண்டு போவாள், அதுவரை கண்ணைத் திறக்கக் கூடாது என்று விடியற்காலம் முழுக்க அப்படியே இருந்திருக்கிறான். என் காலடிச் சத்தம் கேட்டு, "அம்மையா?" என்றான். "பாட்டா வந்திருக்கேன் மக்கா" என்றேன். சட்டென்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். "பாட்டா, கண்ண மூடிக்கிடுங்க. எனக்க மொகம் கண்டா ஒங்களுக்கு தீனம் வரும்" என்றான். அவன் அப்படித் திரும்பியபோதுதான் அடி விழுந்து தடித்துக் கிடந்த அந்த முதுகைப் பார்த்தேன். கெண்டைக்காலில் கரண்டிச் சூட்டின் தழும்பையும் பார்த்தேன். பழைய தழும்பு ஒன்று, தோல் இன்னும் கூடாதது ஒன்று. அவனைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு முதல் பஸ்ஸைப் பிடிக்க நடந்தேன். நீ வாசல்வரை ஓடிவந்து, "நல்ல நாளும் அதுவுமா என்னை நாணங்கெடுத்தாதீங்க அப்பா" என்று கத்தினாய். எனக்கு அது கேட்டது. கேட்டுக்கொண்டேதான் நடந்தேன்.

உன்னைப் பேய் என்று எழுதினால் எனக்கும் வேலை சுலபம், ஊருக்கும் சுலபம். நீ பேய் இல்லை. அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். உன் அம்மை போனபோது உனக்குப் பன்னிரண்டு வயது, உன் தம்பி மாதவனுக்கு ஏழு. நான் கடையைப் பார்த்தேன், நீ அவனைப் பார்த்தாய். அவனுக்குச் சோறு பிசைந்து ஊட்டியவள் நீ. ஆற்றில் குளிப்பாட்டித் தலை துவட்டிவிட்டவள் நீ. அவனுக்குக் காய்ச்சல் வந்தால் பள்ளிக்கூடம் போகாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளும் நீதான். ஒரு நாள் அவன் கையில் சொல்லிக்கொடுக்கிற சார் பிரம்பால் போட்டுவிட்டார் என்று, பாவாடையை வரிந்து கட்டிக்கொண்டு அவரிடம் சண்டைக்குப் போன பெண் நீ. அப்பேர்ப்பட்ட கை இப்போது கரண்டியைக் காய்ச்சுகிறது என்றால், அது எந்த வழியாக அங்கே போய்ச் சேர்ந்தது என்று இந்த ஆறு மாதமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். கடையில் சாமான் நிறுக்கும்போதும் அதே யோசனைதான்.

வெள்ளைக்காரன் போன அந்த வருஷம் ஆவணியில் சுந்தரம் நம் வீட்டில் பிறந்தான். நீ மூன்று நாள் கிடந்து துடித்தாய். பக்கத்தில் இருக்கப் பெற்ற தாயும் இல்லை, கூடப்பிறந்த பெண்ணும் இல்லை, மருத்துவச்சி ஒருத்திதான். அவள் வெளியே வந்து, "ஆம்பிளப் பிள்ளை, ஆனா கொடி கழுத்தில சுத்திக் கெடந்துது. மாமன் நேரே பாக்கப்பிடாது. எண்ணெயில மொகம் பாத்த பொறவுதான் எடுக்கணும்" என்றாள். தொப்புள்கொடி சுற்றிப் பிறந்த பிள்ளை தாய்மாமனுக்கு ஆகாது, எண்ணெயில் நிழலைப் பார்த்துவிட்டால் தோஷம் போய்விடும் என்பது நம் பக்கத்து வழக்கம். நானும் வேறு லோகத்திலிருந்து வந்தவன் இல்லை, ஓடிப்போய்க் கடையிலிருந்து நல்லெண்ணெய் எடுத்து வந்தேன். வெண்கலப் பாத்திரத்தில் அதை ஊற்றுவதற்குள் மாதவன் எங்கிருந்தோ வந்து நேராக உள்ளே போய்ப் பிள்ளையைத் தூக்கிவிட்டான். மருத்துவச்சி தலையில் அடித்துக்கொண்டாள். அவன் சிரித்தான். "எண்ணெயில போட்டுப் பாக்கதுக்கு இவன் என்ன பப்படமாக்கும்?" என்றான். நீயும் அன்றைக்குச் சிரித்தாய் சரசு. கிழிந்த துணி மாதிரிக் கிடந்தவள், அவன் சொன்னதைக் கேட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். எனக்கு அந்தச் சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

அடுத்த ஐப்பசி மழையில் ஆறு கரையை முட்டிக்கொண்டு வந்தது. வெள்ளத்தில் ஒழுகி வருகிற தேங்காயையும் தடியையும் நீந்திப் பிடிப்பது குழித்துறைப் பிள்ளைகளுக்குத் திருவிழா மாதிரி. மாதவனும் இறங்கினான். ஒரு பெரிய அயனித் தடியைப் பிடித்தான், தடி உருண்டது, அவன் அடியில் போய்விட்டான். கரையில் நின்ற அவன் கூட்டுக்காரர்கள் அத்தனை பேரும் பார்த்த விஷயம் இது. இதில் ரகசியம் ஒன்றும் இல்லை. ஆனால் உடலைக் கொண்டுவந்து கிடத்தியிருக்கும்போதே பெண்கள் கூட்டத்தில் ஒரு குரல் எழும்பியது. "எண்ணெயில பாக்காம எடுத்தாம்லா. கொடி சுத்தின பய மாமனைக் கொண்டுபோயிட்டான் பாத்தியா?" நான் எழுந்து நின்று, "எனக்க மகனைக் கொண்டுபோனது ஆறு! கைப்பிள்ளையைச் சொல்லுத நாக்கு அழுகிப் போவும்!" என்று அலறினேன். மகன் போன துக்கத்தில் கிழவனுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று இரண்டு பேர் என்னைப் பிடித்து உட்கார வைத்தார்கள். நீ அப்போது மடியில் சுந்தரத்துக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாய். அந்தக் குரல் வந்ததும் பிள்ளையை மார்பிலிருந்து பிரித்து எடுத்துக் கீழே கிடத்தினாய். பால் குடித்துக்கொண்டிருந்த பிள்ளை வீறிட்டு அழுதது. நீ குனிந்து பார்க்கவில்லை. இழவு வீட்டில் அதை யார் பெரிதாக எடுப்பார்கள்? யாரும் எடுக்கவில்லை. அன்று கீழே கிடத்தியவனை நீ இன்றுவரை தூக்கவில்லை.

அதன்பிறகு நடந்ததை ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்க்கிறேன். துக்கம் ஆறும் முன்பே உன்னைத் திற்பரப்புக்கு மேலே ரப்பர் தோட்டத்துக்கு நடுவில் ஒற்றை வீட்டில் கொண்டுபோய் வைத்தார்கள். கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் ஒரு வீடு, அவ்வளவுதான். மருமகன் விடியுமுன் போனால் இருட்டித்தான் வருவார், வந்தால் கஞ்சி குடித்துவிட்டுக் கட்டையைப் போல் விழுவார். "தம்பி நினைவா இருக்கு" என்று நீ ஒரு நாள் சொன்னதற்கு, "செத்தவன் வருவானா, சோலியப் பாரு" என்றாராம். நீயே என்னிடம் சொன்னது இது. அழுவதற்கு ஒரு தோள் இல்லை, பிள்ளையைப் பத்து நிமிஷம் வாங்கி வைத்துக்கொள்ள ஒரு கை இல்லை. உன் மாமியார் பண்டிகைக்குப் பண்டிகை மூத்த மகன் வீட்டிலிருந்து வந்து, இந்தப் பயலால் இன்னும் யார் யாருக்கு என்ன வருமோ என்று ஒரு வார்த்தையைப் போட்டுவிட்டுப் போவார். மாடு கறவை வற்றினால் அவன். ராதைக்கு வயிற்றுப்போக்கு என்றால் அவன். முதலில் கிள்ளினாய், பிறகு அடித்தாய், பிறகு பட்டினி போட்டாய், பிறகு சூடு. அவன் அழுதால் எரிச்சல், அழாமல் விறைத்து நின்றால் அதைவிட எரிச்சல். பயந்த பிள்ளை சொன்னது விளங்காமல் முழிக்கும், முழித்தால் திமிர் என்று இன்னும் இரண்டு விழும். அந்த மலையில் உனக்குக் கீழே இருந்தது அவன் ஒருவன்தான், சரசு. உன்மேல் விழுந்த எல்லாம் உருண்டு உருண்டு அவன்மேல் போய் விழுந்தது.

இதில் யோக்கியன் யார் என்று சொல்லு பார்க்கலாம். தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டுகிற தொழிலாளியின் கத்தி பட்டையைத் தாண்டி மரத்தில் ஒரு நூல் ஆழம் அதிகமாகப் பட்டுவிட்டால் அவனை அந்த நிமிஷமே வேலையை விட்டு நிறுத்துகிறவர் மருமகன். மரம் கெட்டுப்போகுமாம். பெற்ற மகன் முதுகில் எத்தனை ஆழம் பட்டது என்று அவர் ஒரு நாளும் குனிந்து பார்த்ததில்லை. பஸ்ஸுக்கு நடந்த அன்று, வழியில் உன் பக்கத்து வீட்டுக்காரியைப் பார்த்தேன். "பய கெடந்து கத்துவது நமக்குக் கேக்கும், பாவமாத்தான் இருக்கும். பெத்த தள்ளை அடிக்கா, நாம போயி என்னத்தக் கேக்கது?" என்றாள். அவளும் நல்லவள்தான். அவன் பள்ளிக்கூடத்துச் சாரையும் பிறகு ஒரு நாள் போய்ப் பார்த்தேன். கால் தழும்பை அவர் கண்டிருக்கிறார். வீட்டு விஷயத்தில் நாம் தலையிட முடியுமா என்றார். இந்த ஒரு மாதமாக என் கடை வாசலில் தினமும் வழக்கு. தாலுகா மதராஸோடு சேருவதில் யாருக்கு லாபம், எந்த எஸ்டேட் எல்லைக்கு இந்தப் பக்கம், எது அந்தப் பக்கம் என்று நரம்பு புடைக்கப் பேசுகிறார்கள். ஒரு சாண் மண் விட்டுக்கொடுக்க மாட்டார்களாம். சொந்த வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு பிள்ளை அலறினால் மட்டும் அது அடுத்தவன் எல்லை.

இவ்வளவும் எழுதியதால் உன்மேல் குற்றம் இல்லை என்று சொல்கிறேன் என்று நினைத்துவிடாதே. காரணம் எனக்குத் தெரியும், அதனால் உன்னை மன்னித்துவிட்டேன் என்று அர்த்தம் இல்லை. உன் அளவுக்குத் தனிமையில் கிடந்தவர்கள், உன்னைவிடப் பட்டினி கிடந்தவர்கள் பிள்ளையை மார்போடு அணைத்து வளர்த்திருக்கிறார்கள். தம்பி போனது உனக்குத் துக்கம் என்றால், மகன் போனது எனக்கு என்ன, விருந்தா? அந்தப் பையனை வெறுக்க யாருக்காவது உரிமை உண்டென்றால் எனக்கல்லவா முதலில் இருக்க வேண்டும்? எனக்கு அவனைப் பார்க்கும்போது மாதவன்தான் தெரிகிறான். அதே நெற்றி, அதே இடது கைப் பழக்கம். பெற்றவள் அடிப்பது உலகத்தில் இல்லாததா என்று கேட்டாயே, உலகத்தில் இருக்கிறது. ஊர் முழுக்க இருக்கிறது. குஷ்டமும்தான் இருக்கிறது.

இங்கே அவன் எப்படி இருக்கிறான் என்று நீ கேட்கவில்லை, நானே சொல்கிறேன். சோறு போட்டால் முதலில் என் முகத்தைப் பார்ப்பான், நான் தலையசைத்த பிறகுதான் கை வைப்பான். எடைக்கல்லை எடுக்க நான் கையை ஓங்கினால் தலையைப் பொத்திக்கொண்டு குனிந்துவிடுவான். அதனால் இப்போதெல்லாம் எனக்குக் கையைத் தாழ்த்தியே வைத்துப் பழகிவிட்டது. விடியற்காலம் என்னைவிட முன்னே எழுந்து, நான் அவனைத் தாண்டிப் போகிறவரை போர்வையை முகத்தில் மூடிக்கொண்டு கிடப்பான். நான் போய்ப் போர்வையை விலக்கி, அவன் மோவாயைப் பிடித்து முகத்தை நன்றாகப் பார்த்துவிட்டுத்தான் கடையைத் திறக்கிறேன். ஆறு மாதமாக அவன் முகத்தில்தான் விழிக்கிறேன். கடையில் வியாபாரம் எப்போதும் போல நடக்கிறது. எனக்கு ஒரு தும்மல்கூட வரவில்லை என்று உன் மாமியாரிடம் சொல்லு.

மருமகன் வந்து போன பிறகு, தங்கச்சி பிறந்திருக்கிறாள் என்று அவனிடம் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தான். கையை எடுத்துவிட்டான். "பாட்டா, அதுக்கு கொடி சுத்தியிருந்துதா?" என்று கேட்டான். "இல்லை மக்கா" என்றேன். "நெசமாட்டா?" "நெசமாட்டுதான்." தலையை ஆட்டிக்கொண்டான். "கொள்ளாம், நல்லது. அப்ப அம்மை அதை அடிக்காது" என்று சொல்லிவிட்டுத் திரும்பவும் சாப்பிட ஆரம்பித்தான். உன்மேல் ஒரு கோபம் இருக்க வேண்டாமா அவனுக்கு? இல்லை. குற்றம் தன் கழுத்தில் இருந்தது என்றுதான் இன்னும் நம்பிக்கொண்டிருக்கிறான். என்னால் சாப்பிட முடியவில்லை, எழுந்து போய்க் கையைக் கழுவினேன்.

சனிக்கிழமை லாரியில் அவன் வரமாட்டான். அதற்கடுத்த சனிக்கிழமையும் வரமாட்டான். தொட்டில் ஆட்ட ஆள் வேண்டுமென்றால் மருமகன் ஆட்டட்டும், அவர் பிள்ளைதானே. போலீஸ், பஞ்சாயத்து, ஊர்ப் பெரியவர்கள், யாரை வேண்டுமானாலும் கூட்டிக்கொண்டு வா, எல்லார் முன்னாலும் அவன் சட்டையைக் கழற்றிக் காட்டுகிறேன். ஆனால் நீ தனியாக வருவதாக இருந்தால் ஒரு வழி இருக்கிறது. வருகிற விஷுவுக்கு முந்தின நாள் இங்கே வா. உன் பழைய அறையில் படுத்துக்கொள். விடியுமுன் நானே வந்து உன் கண்ணைப் பொத்திக் கூட்டிக்கொண்டு போகிறேன். கையை எடுக்கும்போது உன் எதிரில் உருளியும் கொன்றையும் கண்ணாடியும் இருக்காது. அவன் நிற்பான். அந்த வருஷத்துக்கு உன் கனி அவன் முகம்தான். நேரே பார்க்கவேண்டும், எண்ணெயில் அல்ல. பார்த்துவிட்டு, மாதவன் தூக்கினானே, அந்த மாதிரித் தூக்கவேண்டும். உன்னால் அது முடிந்தால் அதற்கப்புறம் மற்றதைப் பேசலாம். முடியாவிட்டால் காலை பஸ் இருக்கிறது, ஏறிப் போய்விடு. நான் உயிரோடு இருக்கிறவரை அவன் இங்கே இருப்பான்.

இதை நான் அவனிடம் சொல்லவில்லை. நீ வருவாய் என்று நிச்சயமாகத் தெரிகிறவரை சொல்லவும் மாட்டேன். சொன்னால் அன்றைக்கும் அவன் கண்ணை மூடிக்கொண்டு உனக்காகக் காத்திருப்பான்.

அப்பா